மீன் காரின் எஞ்சினைப் பிரித்த நாள்

குகனின் கைகள் நடுங்கின.

முதலில் அதைக் குளிரென்று நினைத்தேன். மழை விட்டு அதிக நேரமாகவில்லை. எசெக்ஸ் பக்கத்துப் பந்தயத் திடலின் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் ஈரமண்ணும் எரிந்த எண்ணெயும் ரப்பரும் கலந்த மணம் அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் ஓர் இரும்புத் தாங்கியின் மேல் எங்கள் காரின் எஞ்சின். சூடு இன்னும் ஆறவில்லை. கூரையிலிருந்து ஒழுகும் துளி அதன்மேல் விழும்போதெல்லாம் சுர்ரென்றது.

பரிசோதகர் வயதான ஒரு வெள்ளைக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கழற்றுவது கட்டியவனின் வேலை, அளப்பது மட்டுமே தன் வேலை என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எஞ்சினைக் கட்டியவன் என் அண்ணனின் மகன் குகன். அன்று நாங்கள் வென்ற ஓட்டம் முடிந்ததும், எங்கள் எஞ்சின் விதிக்கு மாறானது என்று யாரோ முறையிட்டிருந்தார்கள். அன்று ஓடிய எந்த ஓட்டுநரும் முறையிடலாம். முறையிட்டவரின் பெயர் பரிசோதகரைத் தாண்டி வெளியே போகாது.

வாசலில் மற்ற அணிக்காரர்கள் தேநீர்க் குவளைகளோடு கூடி நின்றார்கள். குகன் ஸ்பானரை ஒரு நட்டில் வைத்தான். அது வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தான். மறுபடியும் விழுந்தது. வாசலில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

என் மகள் தாரணிதான் அந்தக் காரை ஓட்டியவள். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் குகனைப் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

களவு செய்தவனின் கை இப்படித்தான் நடுங்கும் என்று என் மனம் சொன்னது. குழந்தையில் தூக்கி வைத்திருந்த அண்ணன் மகனைப் பற்றி அப்படியொரு நினைப்பு வந்ததில் எனக்கே திக்கென்றது. ஆனாலும் வந்துவிட்டது.

கூரையின் நிறம்

தாரணி முதல் வெற்றிக் கிண்ணம் வாங்கியதைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வாசித்த ஒருவர், இவ்வளவு கெதியாக எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். கேள்வியில் பிழையில்லை. ஆனால் அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. பந்தயத் திடலின் தேநீர்க் கடை வரிசையில் நிற்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட தொனி அது.

ஸ்டொக் கார் பந்தயத்தை நான் முதன்முதலில் பார்த்தது விம்பிள்டனில். தாரணி அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் என் கணவர் பாதையைத் தவறவிட்டு ஒரு பெரிய மைதானத்துப் பக்கம் திருப்பினார். உள்ளேயிருந்து வந்த இரைச்சலில் கார்க் கண்ணாடி அதிர்ந்தது. அது என்ன என்று தாரணி கேட்டுக்கொண்டே இருந்ததால், நெற்றியில் விபூதியோடு மூன்று பேரும் உள்ளே போனோம்.

நீள்வட்டமான சிறிய பாதையில் ஒரு கூட்டம் கார்கள் சுற்றிச் சுற்றி ஓடின. பின்னால் வந்த கார் முன்னால் போன காரை வேண்டுமென்றே இடித்துச் சுவரோடு ஒதுக்கியது. நான் விபத்தென்று நினைத்து, பொலிஸ் எப்போது வரும் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. இந்தப் பந்தயத்தில் இடிப்பது குற்றமல்ல. இரும்புப் பம்பர் போட்டிருப்பதே அதற்குத்தான். பட்டுப் பாவாடையோடு கதிரையில் ஏறி நின்ற என் மகளை அன்று கீழே இறக்க முடியவில்லை. அந்த மைதானம் இப்போது இல்லை. அங்கே மாடிவீடுகள் எழும்பிவிட்டன.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காரின் கூரைக்கும் ஒரு நிறம் உண்டு. புதியவர்களுக்கு வெள்ளை. வெல்ல வெல்ல அது மஞ்சளாகி, நீலமாகி, கடைசியில் சிவப்பாகும். நிறம் ஏற ஏற, ஓட்டம் தொடங்கும்போது பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். சிவப்புக் கூரைக்காரர் முன்னால் நிற்கும் எல்லாரையும் கடந்து வந்துதான் வெல்ல வேண்டும்.

தாரணி வெள்ளையிலும் மஞ்சளிலும் நீண்ட காலம் கிடந்தாள். வாரநாட்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. மோதிய கார்களின் படங்களைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதை மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க வேண்டும். வார இறுதியில் தானே போய் மோதிவிட்டு வருவாள்.

பிறகு குகன் ஜெர்மனியிலிருந்து வந்தான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்து, தாரணியின் காருக்குப் புதிதாக ஓர் எஞ்சின் கட்டினான். ஒரு கோடைக்குள் மஞ்சள் நீலமானது. அடுத்த கோடையில் நீலம் சிவப்பானது. கூரைக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை என்னுடையது. தூரிகை காய்வதற்குள் அடுத்த நிறம் வாங்க வேண்டியிருந்தது.

அறக்குளா

சந்திரன் அண்ணை டென்மார்க்கில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். உறைந்த மீனும் இறாலும் மொத்தமாக விற்பவர். அப்டன் பார்க்கில் எங்கள் ஆட்களின் எந்தக் கடைக்குப் போனாலும் குளிர்ப் பெட்டிக்குள் அவருடைய அறக்குளா மீன் படம் போட்ட பெட்டிகளைப் பார்க்கலாம். யாரோ கூட்டிக்கொண்டு போய் ஒரு ஞாயிறு பந்தயம் காட்டியிருக்கிறார்கள். அடுத்த கிழமையே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தாரணி, குகன், பட்டறையில் கூட வேலை செய்யும் டெரெக், மூன்று பேருக்கும் தான் மாதச் சம்பளம் தருவதாகவும், மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாகச் செய்ய வேண்டுமென்றும் சொன்னார். பதிலுக்குக் காரின் இரண்டு பக்கமும் அவருடைய மீன் இருக்க வேண்டும். எங்கள் திடலில் ஓடுகிறவர்கள் எல்லாரும் வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர்கள். சம்பளத்துக்கு ஓடும் அணியென்று அங்கே ஒன்று இருந்ததில்லை.

எனக்கு அது பிடிபடவில்லை. கோப்பியைக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன், இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று.

"தங்கச்சி, என்ர மீனை லொறியில பாக்கிற சனம் திரும்பிப் பாக்கிறேல்லை," என்றார் அவர். "இந்தக் காரில போனா எழும்பி நிண்டு பாக்கும்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. விசாரித்தேன். கறுப்புப் பணம் என்றார் ஒருவர். மகனுக்குப் பெண் கேட்கும் எண்ணம் என்றார் இன்னொருவர். அவருக்கு மகனே இல்லை. பெண்பிள்ளைகள்தான், அவர்களும் கட்டிப் போய்விட்டார்கள். அதை அவருடைய மனைவியிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் தாரணி வேலையை விடுவதற்குச் சம்மதித்தேன்.

காருக்குப் பூசை செய்ய ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். இழுவை வண்டியில் ஏற்றிய காரோடு அந்த ஏற்றத்தில் ஏறுவதற்குள் பின்னால் ஒரு பஸ் வரிசையே சேர்ந்துவிட்டது. ஐயர் காரைச் சுற்றி வந்தார். விளக்கு இல்லை, நம்பர் தகடு இல்லை, கதவும் இல்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஓடுமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அங்கேயும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். குகன் தாரணிக்கு அத்தான் முறைதானே, சேர்ந்தே வேலை செய்கிறார்கள், எப்போது கல்யாணச் சாப்பாடு போடப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துதான் தாரணி அவனை அண்ணா என்று கூப்பிடுகிறாள். ஆனால் கேட்கிறவர்கள் அதையும் ஒரு மறைப்பென்றே எடுத்துக்கொண்டார்கள்.

கைகளை மொழிபெயர்ப்பதில்லை

என் தொழில் மொழிபெயர்ப்பு. அகதி விசாரணைகளில், ஆஸ்பத்திரிகளில், சில நேரம் நீதிமன்றங்களில். நானும் ஒருகாலத்தில் அந்த மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து பதில் சொன்னவள்தான்.

அந்த அறைகளில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். முதலில் நேராகக் கேட்பார்கள். பிறகு வேறு பேச்சுக்கு நடுவில் செருகுவார்கள். கடைசியில், களைத்துப்போன நேரத்தில், தெரியாதவர்போலக் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப் போனால் மனப்பாடம் என்பார்கள். ஒத்துப் போகாவிட்டால் பொய் என்பார்கள்.

ஒருமுறை யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாத அளவுக்குக் கை நடுங்க அமர்ந்திருந்தார். எதிரே இருந்த அதிகாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குக் குளிருகிறதா என்று கேட்க எனக்கு அனுமதியில்லை. சொன்ன சொல்லை மட்டும்தான் நான் மொழிபெயர்க்கலாம், கையை அல்ல. அன்று வீட்டுக்கு வந்து அந்த அதிகாரியை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இத்தனையும் தெரிந்த நான்தான் கொட்டகைக்குள் குகனின் கையைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

டெரெக்

உண்மையில் அன்றுவரை நான் சந்தேகப்பட்டது குகனை அல்ல. டெரெக்கை.

டெரெக் அறுபது தாண்டிய மனிதர். டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களிடம் வருவதற்கு முன் எங்கள் முதல் எதிரியான கிரெய்க்கிடம் பல வருடம் வேலை செய்தவர். கிரெய்க்கும் சிவப்புக் கூரைக்காரர்தான். அந்தத் திடலின் ராசா என்று தன்னை நினைத்திருந்தவர். அவரோடு ஏதோ வாக்குவாதம், அதனால் விலகினேன் என்று டெரெக் சொன்னார். என்ன வாக்குவாதம் என்று சொல்லவில்லை.

ஓட்டங்களுக்கு இடையில் டெரெக் தேநீரைத் தூக்கிக்கொண்டு கிரெய்க்கின் பக்கம் போவார். பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறேன் என்பார். பிறகு பார்த்தால் நாங்கள் மாட்டிய அதே வகை டயரைக் கிரெய்க்கும் மாட்டியிருப்பார்.

நான் ஒரு பொறி வைத்தேன். அடுத்த ஓட்டத்துக்குக் கடினமான டயர் போடப் போகிறோம் என்று டெரெக்கின் காதில் விழும்படி, பேச்சோடு பேச்சாக, பொய்யாகச் சொன்னேன். கிரெய்க் மென்மையான டயரையே மாட்டினார். டெரெக் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் நான், என் பொறியைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இவர் சாமர்த்தியசாலி என்று முடிவு செய்தேன். சந்தேகம் ஏறிவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிடும்.

ஒருநாள் இதைத் தாரணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டெரெக் எஞ்சின் பக்கம் போவதே இல்லையே அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

அது உண்மை. எஞ்சின் பக்கம் யாருமே போவதில்லை. குகன் விடுவதில்லை. எஞ்சின் கட்டும் நாட்களில் பட்டறையின் ஒரு மூலையை நீலத் தார்ப்பாயால் மறைத்துக்கொள்வான். யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் போகும்வரை சும்மா நிற்பான். சாப்பாட்டைக்கூடத் தார்ப்பாய்க்கு வெளியே வைத்துவிட்டு வருவேன். வேலைக்காரனுக்கு ஒரு பழக்கம் இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவன் எங்கள் இரத்தம். வெளியாள் டெரெக் இருக்கும்போது அவனை ஏன் பார்க்க வேண்டும்?

பிரித்தார்கள்

மூன்றாம் முறை ஸ்பானர் பிடித்தது. முதல் நட்டு கழன்றது. அதன் பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, ஆனாலும் குகன் வேலையை விடவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துணி விரித்த மேசையில் வரிசையாக அடுக்கினான். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

பரிசோதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிலிண்டரின் அகலத்தை அளந்தார். பிஸ்டன்களைத் தராசில் வைத்து நிறுத்தார். எஞ்சினின் தலைப்பாகத்தைக் கவிழ்த்து வைத்து, கண்ணாடிக் குழாயிலிருந்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அதன் குழிகள் எவ்வளவு கொள்கின்றன என்று பார்த்தார். எங்கள் வகைப் பந்தயத்தில் எஞ்சின் கம்பனியிலிருந்து வந்த அளவிலேயே இருக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் அந்தக் கோடை முழுவதும் வென்றவை எல்லாம் போய்விடும். சந்திரன் அண்ணையும் போய்விடுவார்.

வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. கிரெய்க் முன்வரிசையில் நின்றார். முறையிட்டது இவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெரெக் வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தார். அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். தான் பார்த்தவற்றுள் இவ்வளவு சுத்தமாகக் கட்டப்பட்ட எஞ்சின்கள் அதிகமில்லை என்றார். எல்லா அளவும் சரி. எதிலும் கை வைக்கப்படவில்லை. வென்றது வென்றதுதான்.

சிலர் கை தட்டினார்கள். கிரெய்க் தட்டவில்லை. மேசைக்குக் கிட்ட வந்து அந்த பிஸ்டன்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குகன் கதிரையொன்றில் அமர்ந்து இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். நான் போய் அவன் தலையைத் தடவினேன். தாரணி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். வென்ற ஆறுதல் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்

இழுவை வண்டியோடு எங்கள் வான் வண்டியைத் தாரணி ஓட்டினாள். குகனும் டெரெக்கும் மற்ற வாகனத்தில் முன்னால் போனார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் கிரெய்க்கைத் திட்டிக்கொண்டே வந்தேன். தோற்கத் தெரியாதவன், பெயரைச் சொல்லவும் துணிவில்லாதவன் என்று.

"அம்மா, அவரைப் பேசாதீங்க," என்றாள். "அந்தக் கொம்பிளெயின்ற்றை நான்தான் குடுத்தனான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள், இம்முறை ஆங்கிலத்தில், எனக்குத்தான் மொழி புரியவில்லை என்பதைப்போல. அன்று ஓடிய எந்த ஓட்டுநரும் முறையிடலாம் என்றுதான் விதி. தன் காரின் மேல் முறையிடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவள் போய்ச் சொன்னபோது பரிசோதகர் இரண்டு தரம் கார் இலக்கத்தைக் கேட்டாராம்.

வானை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். லொறிகள் எங்களைக் குலுக்கிக்கொண்டு போயின.

அவள் சொன்னது இதுதான். பழைய எஞ்சினோடு அவள் நடுவரிசைக்காரி. புதிய எஞ்சின் ஏறிய நாளிலிருந்து, நேர்ப்பாதையில் கிரெய்க்கைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறாள். அது தன் கெட்டித்தனமா, எஞ்சினுக்குள் ஏதும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தேநீர்க் கடை வரிசையில் மற்றவர்கள் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு கிண்ணத்தையும் அலமாரியில் வைக்கும்போது, இது என்னுடையதா என்று கேட்டுக்கொண்டுதான் வைத்தாளாம். தார்ப்பாய்க்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இனியும் ஓட ஏலாது என்றாள்.

"எல்லாம் போயிருந்தா?" என்று கேட்டேன்.

"போயிருக்கும். என்ன செய்யிறது."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இவள் இத்தனை நாள் இதைச் சுமந்திருக்கிறாள். மூன்று விதமாகக் கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. நான் வெளியாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டாளைப் பார்த்திருக்கிறாள்.

குகனிடம் நீயே சொல் என்றேன். ஓம் என்றாள்.

பாலத்தின் கீழ்

அடுத்த நாள் காலை பட்டறையில் குகன் எஞ்சினைத் திருப்பிக் கட்டுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் ஸ்பானர்கள் சுவரில் கிலுகிலுத்தன. தாரணி முகவுரை எதுவும் போடாமல் சொன்னாள். டெரெக் எழும்பி, பால் வாங்க வேண்டும் என்று வெளியே போனார். குளிர்ப்பெட்டியில் பால் இருந்தது.

குகன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னை ஆரும் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குக் கை ஓடாது," என்றான். "பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். பட்டறையில வேலை பழகேக்கையும் அப்பிடித்தான். அதுக்குத்தான் அந்தத் தார்ப்பாய். வேற ஒண்டுமில்லை."

"சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"நீ கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இல்லையெண்டு சொல்லியிருப்பீங்க. நானும் நம்பியிருப்பன். பிறகு ஒவ்வொரு ரேசிலயும் அந்த நம்பிக்கையைத் தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன்."

"இப்ப?"

"இப்ப நம்பத் தேவையில்லை. தெரியும்."

குகன் தலையாட்டினான். மேலே ஒரு ரயில் போய் முடியும்வரை காத்திருந்தான்.

"தெரிஞ்சா மட்டும் எனக்குக் காணாது, தாரணி," என்றான்.

அந்தக் கோடை முடியும்வரை அவன் எங்களோடுதான் இருந்தான். எஞ்சினைத் திருப்பிக் கட்டினான். அது முன்போலவே ஓடியது. தாரணி முன்பைவிட நன்றாக ஓடினாள். எதையும் சரிபார்க்க வேண்டியில்லாதவளாக வளைவுகளுக்குள் பாய்ந்தாள். அந்த ஆண்டின் பெரிய கிண்ணமும் எங்களுக்கு வந்தது. கதை எப்படியோ வெளியே பரவி, தன் காரைத் தானே காட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கவென்றே சனம் வந்தது. குழந்தைகள் மீன் படம் போட்ட தொப்பி கேட்டார்கள். சந்திரன் அண்ணை முதலில் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு இன்னொரு கார் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

தார்ப்பாயைக் குகன் கழற்றவே இல்லை. நாங்களும் அந்தப் பக்கம் போகவில்லை. இலையுதிர்காலத்தில் ஒருநாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனான். கிரெய்க்கிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

மனம் நொந்து போனானா, கொட்டகையில் அந்த பிஸ்டன்களைப் பார்த்த நாளிலேயே கிரெய்க் அவனைக் கேட்டுவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் ஜெர்மனியிலிருந்து தொலைபேசியில் என்னிடம் கேட்டார். குகனைக் கேளுங்கள் என்றேன். அண்ணனும் கேட்டிருக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் நேராகக் கேட்பதில்லை.

கடைசி வளைவு

போன கோடையின் கடைசி ஓட்டத்தில் இரண்டு சிவப்புக் கூரைகள் மட்டும் மிஞ்சின. முன்னால் கிரெய்க், குகன் கட்டிய எஞ்சினோடு. பின்னால் தாரணி. இப்போது எங்கள் எஞ்சினைக் கட்டுவது டெரெக். அவரைப் பற்றிய என் சந்தேகம் எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. பல ஞாயிறுகள் பக்கத்தில் நின்று சேர்ந்து கத்தியதில் போயிருக்க வேண்டும்.

கடைசி வளைவில் தாரணி கிரெய்க்கின் பின்பம்பருக்கு ஓரடி கிட்ட வந்துவிட்டாள். இந்தப் பந்தயத்தில் அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடித்து வெளியே தள்ளிவிட்டு உள்பக்கத்தால் போவது. அவள் அதை எத்தனையோ தரம் செய்திருக்கிறாள். பார்வையாளர் மேடையில் எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

அவள் இடிக்கவில்லை. கிரெய்க் வென்றார்.

கார் வந்து நின்றதும் நானும் டெரெக்கும் ஓடினோம். எங்களுக்கு முன்னால் குகன் வந்து நின்றான். கிரெய்க் அணியின் பச்சை மேலங்கி அவனுக்கு அளவு பெரிது. தாரணி ஜன்னலால் ஏறி வெளியே வந்தாள். குகன் போனதிலிருந்து அவர்கள் பேசியதில்லை.

"ஏன் இடிக்கேல்லை?" என்று கேட்டான். வென்றவன் கேட்பதுபோல் இல்லை. கோபமாகவே கேட்டான். அவன் கட்டிய எஞ்சினுக்கு யாரோ பிச்சை போட்டுவிட்டார்கள் என்ற கோபம்.

தாரணி தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"முன் டயரில காத்துப் போட்டுது, அண்ணா. திருப்பினா கார் கேக்கேல்லை."

என் கண் தன்பாட்டில் டயருக்குப் போனது. சேறு ஒட்டியிருந்ததைத் தவிர அதில் ஒன்றுமில்லை. காற்று நிறைந்து கல்லுப்போல நின்றது. டெரெக்கும் பார்த்தார். பார்த்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

டயர் குகனின் காலடியில்தான் இருந்தது. குனியக்கூடத் தேவையில்லை, கண்ணைக் கீழே இறக்கினால் போதும். அவன் இறக்கவில்லை. தாரணியின் முகத்தையே பார்த்தான்.

"சரி," என்றான். "அப்ப டயர்தான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "மாமி, பசிக்குது," என்றான்.